கென்னத் ஐவர்சன்

கென்னத் யூஜின் ஐவர்சன் (டிசம்பர் 17, 1920 - அக்டோபர் 19, 2004) கனடாவைச் சேர்ந்த கணிதவியலாளரும் கணினி அறிவியலாளரும் ஆவார். ஏபிஎல் என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கியவராகப் பெரிதும் அறியப்படுகிறார். எண்களைத் தனித்தனியாகக் கையாளாமல், வரிசையாகவும் அட்டவணையாகவும் அடுக்கப்பட்ட எண்தொகுதியை ஒரே பொருளாகக் கையாளும் மொழிகள் அணி நிரலாக்க மொழிகள் எனப்படுகின்றன. ஏபிஎல் இவ்வகை மொழிகளின் முன்னோடி ஆகும். 1979 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது ஐவர்சனுக்கு வழங்கப்பட்டது. எழுபது வயதை எட்டும் காலத்தில், ரோஜர் ஹுய் என்பவருடன் இணைந்து ஜே என்னும் இரண்டாவது மொழியையும் இவர் உருவாக்கினார்.

ஓர் எண்ணின் மதிப்பு வேறு, அம்மதிப்பு எழுதப்படும் உரு வேறு என்னும் வேறுபாட்டை ஐவர்சனின் குறியீட்டு முறை தெளிவாகப் பேணியது. 19 என்னும் எண்ணை 019 என்று எழுதுவது போன்ற எளிய செயலிலும் இந்த வேறுபாடு வெளிப்படுகிறது. அணி நிரலாக்க மொழிகளில் எண்ணின் முன் இடப்படும் சுழியம் வெறும் அலங்காரம் அன்று. அணியின் எல்லா வரிகளும் ஒரே நீளம் உடையனவாக இருக்க வேண்டும் என்னும் விதியின் விளைவாகவே அது தோன்றுகிறது.

இளமை

ஐவர்சன் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், காம்ரோஸ் என்னும் ஊரின் அருகே பிறந்தார். பெற்றோர் நோர்வே வழிவந்த வேளாண் குடியினர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலிருந்து ஆல்பர்ட்டாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஒரே அறை கொண்ட நாட்டுப்புறப் பள்ளியில் இவரது கல்வி தொடங்கியது. முதல் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே மூன்றாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டார்.

எனினும் ஒன்பதாம் வகுப்புடன் இவரது பள்ளிப் படிப்பு நின்றது. அது 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலம். பண்ணையில் வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது. மேலும் படித்தால் பள்ளி ஆசிரியர் ஆவதைத் தவிர வேறு வழி இல்லை என்று எண்ணிய ஐவர்சனுக்கு அப்பணியில் விருப்பம் இருக்கவில்லை. பதினேழாம் வயதில் சிகாகோ நிறுவனம் ஒன்றின் அஞ்சல்வழி வானொலிப் பயிற்சியில் சேர்ந்தார். ஒரு பாடநூலைக் கொண்டு நுண்கணிதத்தைத் தாமாகவே கற்றார்.

போர்க்காலமும் பல்கலைக்கழகக் கல்வியும்

1942 இல் ஐவர்சன் படைக்கு அழைக்கப்பட்டார். முதலில் கனடியத் தரைப்படையிலும் பின்னர் வான்படையில் வானூர்திப் பொறியாளராகவும் பணியாற்றினார். பணியின் ஊடே உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை அஞ்சல் வழியாகப் பயின்று பெரும்பாலும் முடித்தார். போர் முடிந்தபின் முன்னாள் படைவீரர்களுக்கு அரசு அளித்த கல்வி உதவியைப் பயன்படுத்திப் பல்கலைக்கழகத்தில் சேருமாறு அதிகாரிகளும் உடன் பணியாற்றியோரும் இவரை வற்புறுத்தினர்.

அதன்படி ஒன்ராறியோ மாகாணத்தின் கிங்ஸ்டன் நகரில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்று, 1950 இல் முதல் மாணவராகத் தேறினார். 1946 இல் ஜீன் நெல்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1951 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கு ஹார்வர்டு மார்க் 1 கணினியை வடிவமைத்த ஹோவார்டு ஐக்கனிடமும், பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற வசிலி லியோன்டீப்பிடமும் பணியாற்றினார். நாட்டின் ஒவ்வொரு தொழிலும் பிற தொழில்களிலிருந்து எவ்வளவு பொருளைப் பெறுகிறது என்பதை லியோன்டீப்பின் உள்ளீடு - வெளியீடு முறை பெரிய அட்டவணைகளாகக் காட்டியது. இத்தகைய பொருளியல் மாதிரிகளைக் கணினியின் துணைகொண்டு தீர்ப்பது குறித்த ஆய்வுக்காக 1954 இல் ஐவர்சன் முனைவர் பட்டம் பெற்றார். அட்டவணை முழுவதையும் ஒரே பொருளாகக் கருதிக் கணக்கிட வேண்டிய தேவை இவ்வாய்விலேயே இவருக்கு ஏற்பட்டது.

ஹார்வர்டில் ஆசிரியப் பணி

பள்ளி ஆசிரியர் ஆவதற்கு அஞ்சிப் படிப்பை நிறுத்தியவர் 1955 இல் ஹார்வர்டில் துணைப் பேராசிரியர் ஆனார். ஐக்கனின் முன்முயற்சியில் தொடங்கப்பட்ட தரவுச் செயலாக்கம் குறித்த பட்டமேற்படிப்பில் இவர் பாடம் நடத்தினார். பின்னாளில் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினித் திட்டத்திற்குத் தலைமை தாங்கிய பிரடெரிக் புரூக்ஸ் இவருடன் பணியாற்றினார். இருவரும் சேர்ந்து எழுதிய தரவுச் செயலாக்கப் பாடநூல் 1963 இல் வெளியானது.

வகுப்பில் கணிப்பு முறைகளை விளக்க வழக்கமான கணிதக் குறியீடுகள் போதுமானவையாக இல்லை என்பதை ஐவர்சன் கண்டார். அவை ஒன்றுக்கொன்று முரண்பட்ட விதிகளைக் கொண்டிருந்தன. பெருக்கலுக்குக் குறி இடப்படுவதில்லை. அடுக்குக்குறி மேலே எழுதப்படுகிறது. ஒரு சார்பின் பெயர் சில இடங்களில் முன்னும் சில இடங்களில் பின்னும் வருகிறது. ஆகவே ஒரே சீரான விதிகளைக் கொண்ட புதிய குறியீட்டு முறை ஒன்றைத் தமது பாடங்களுக்காக உருவாக்கத் தொடங்கினார். அது கணினிக்காக அன்றிக் கரும்பலகைக்காகப் பிறந்த மொழி ஆகும்.

ஐந்தாண்டுப் பணிக்குப் பின்னர் ஹார்வர்டு இவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. போதிய அளவு நூல்களையும் கட்டுரைகளையும் வெளியிடவில்லை என்பது காரணமாகக் கூறப்பட்டது. அப்போது இவருக்கு வயது 39. பின்னர் இவருக்குப் புகழ் தேடித் தந்த குறியீட்டு முறை அவ்வேளையில் பதவிக்குத் தகுதியாகக் கருதப்படவில்லை.

ஐபிஎம் நிறுவனத்தில்

புரூக்சின் பரிந்துரையின் பேரில் ஐவர்சன் 1960 இல் ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். தமது குறியீட்டு முறையை விளக்கும் நூலை 1962 இல் வெளியிட்டார். ஒரு நிரலாக்க மொழி எனப் பொருள்படும் அந்நூலின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே பின்னர் ஏபிஎல் என்று மொழிக்குப் பெயராயின. இப்பெயரை முன்மொழிந்தவர் ஐவர்சனின் நெடுநாள் உடனுழைப்பாளர் ஏடின் பால்காஃப் ஆவார்.

1964 இல் ஐவர்சன், பால்காஃப், எட்வர்டு சசன்குத் ஆகிய மூவரும் சிஸ்டம்/360 கணினியின் இயக்கம் முழுவதையும் இக்குறியீட்டில் எழுதி வெளியிட்டனர். அதுவரை இக்குறியீடு தாளில் எழுதப்படும் மொழியாகவே இருந்தது. 1965 இல் லாரி பிரீடு, பிலிப் ஆப்ராம்ஸ் ஆகியோர் ஐபிஎம் 7090 கணினியில் அதனை முதன்முதலாக இயங்கச் செய்தனர். 1966 இன் இறுதியில் சிஸ்டம்/360 கணினியில் ஏபிஎல் இயங்கத் தொடங்கியது. தட்டச்சு முனையத்தின் முன் அமர்ந்து ஒரு வரியை எழுதியதும் அதன் விடையை உடனே பெற முடிந்தது.

இம்மொழியின் சிறப்புக் குறிகளை அச்சிட ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறியின் கழற்றி மாற்றக்கூடிய எழுத்துருண்டை உதவியது. ஓர் உருண்டையில் 88 எழுத்துகளுக்கே இடம் இருந்தது. ஆகவே ஒரு குறியின் மேல் மற்றொரு குறியை அடித்துப் புதிய குறிகள் ஆக்கப்பட்டன.

எண்ணும் அதன் உருவும்

முன்சுழியத்தின் தேவை

ஓர் எண்ணின் இடப்பக்கத்தில், அதன் மதிப்பை மாற்றாமல் இடப்படும் சுழியம் முன்சுழியம் எனப்படும். அளவைக் குறிக்கும் எண்ணுக்கு முன்சுழியம் தேவையில்லை. அடையாளத்தைக் குறிக்கும் எண்ணுக்கு அது இன்றியமையாதது. இதனை வட சென்னையிலிருந்து சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 முதல் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறையில் உள்ளது. இராயபுரத்தின் குறியீடு 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057, மணலி 600068, மணலி புதுநகர் 600103 என அமைகின்றன. முதல் மூன்று இலக்கங்கள் இவை அனைத்திற்கும் பொதுவானவை. இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சல் நிலையத்தைக் குறிக்கின்றன. இராயபுரத்தின் நிலைய எண்ணை 13 என்று சேமித்துவிட்டு 600 உடன் அப்படியே ஒட்டினால் 60013 என்னும் ஐந்து இலக்க எண்ணே கிடைக்கும். அவ்வாறான அஞ்சல் குறியீடு எதுவும் இல்லை.

சடையங்குப்பம், கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி முதலிய பகுதிகள் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. அவ்விரிவாக்கத்தில் மாநகராட்சிக்கு 200 வட்டங்கள் அமைந்தன. வட்ட எண்களை எழுத்துக்களாகக் கொண்டு கணினி வரிசைப்படுத்தினால் 1, 10, 100, 101 என்று தொடர்ந்து, நெடுந்தொலைவு சென்ற பின்னரே 2 வரும். 001, 002 என எழுதினால் வரிசை சரியாக அமையும்.

சென்னைத் துறைமுகத்திற்குச் சரக்குந்துகளில் செல்லும் சரக்குப் பெட்டகங்களின் எண்ணும் இத்தகையதே. பன்னாட்டுத் தர விதிப்படி ஒவ்வொரு பெட்டகமும் நான்கு எழுத்துகள், ஆறு இலக்க வரிசை எண், ஒரு சரிபார்ப்பு இலக்கம் ஆகியவற்றைக் கொண்டிருக்கும். இடத்திற்கு இடம் இரட்டிக்கும் எடையால் ஒவ்வோர் இடத்தின் மதிப்பையும் பெருக்கிக் கூட்டிச் சரிபார்ப்பு இலக்கம் கணிக்கப்படுகிறது. வரிசை எண்ணின் தொடக்கச் சுழியம் ஒன்று விடுபட்டால் அதன்பின் வரும் இலக்கங்கள் யாவும் ஓரிடம் நகர்ந்து, தவறான எடையைப் பெற்றுவிடும்.

இலக்கப் பிரிப்பு

ஏபிஎல் மொழியில் ⊤ என்னும் குறி ஓர் எண்ணை இலக்கங்களாகப் பிரிக்கிறது. இடப்பக்கத்தில் ஒவ்வோர் இடத்தின் அடிமானமும், வலப்பக்கத்தில் எண்ணும் எழுதப்படும்.

10 10 10 ⊤ 19
0 1 9

இங்கு முன்சுழியம் தனியாகக் கேட்டுப் பெறப்படவில்லை. மூன்று இடங்கள் வேண்டும் என்று கூறியதனாலேயே அது தோன்றியது. ⊥ என்னும் குறி இதற்கு மறுதலையான செயலைச் செய்கிறது. இலக்கங்களிலிருந்து மீண்டும் மதிப்பைத் தருகிறது.

10 ⊥ 0 1 9
19

எல்லா இடங்களுக்கும் ஒரே அடிமானம் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் 1957 இல் பதின்ம நாணய முறை வருவதற்கு முன்பு 12 பைசு ஓர் அணாவாகவும் 16 அணா ஒரு ரூபாயாகவும் இருந்தன. பழைய கணக்கில் 1000 பைசையும் 40 பைசையும் பின்வருமாறு பிரிக்கலாம்.

0 16 12 ⊤ 1000
5 3 4

0 16 12 ⊤ 40
0 3 4

முதலாவது 5 ரூபாய் 3 அணா 4 பைசு. இரண்டாவது 3 அணா 4 பைசு. அதில் ரூபாய்க்கு உரிய இடத்தைச் சுழியம் காத்து நிற்கிறது. இடப்பக்கத்தின் முதல் 0, ரூபாய்க்கு மேல்வரம்பு இல்லை என்பதைக் குறிக்கும்.

பல எண்களை ஒரே நேரத்தில் கொடுத்தால் ஏபிஎல் ஓர் அட்டவணையைத் தரும். ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களும் ஒரு நிரலாக, மேலிருந்து கீழாக அமையும். ⍉ என்னும் குறி நிரல்களை வரிகளாகத் திருப்பும். இலக்கங்களை எழுத்துகளாக மாற்ற, பத்து எண்ணுருக்களைக் கொண்ட எழுத்துத் தொடரிலிருந்து உரிய எழுத்தை எடுத்தால் போதும். இடங்கள் 1 முதல் எண்ணப்படுவதால் ஒன்று கூட்டப்படுகிறது.

'0123456789'[1+⍉10 10 10⊤13 19 57 68]
013
019
057
068

இவ்வரியில் ஒவ்வோர் எண்ணாக எடுத்துச் செய்யும் சுற்று எதுவும் இல்லை. நான்கு எண்களுக்கும் நாலாயிரம் எண்களுக்கும் அதே வரி பயன்படும்.

மேற்கண்ட எழுத்துத் தொடருக்குப் பதிலாக '௦௧௨௩௪௫௬௭௮௯' என எழுதினால் விடை தமிழ் எண்ணுருக்களில் கிடைக்கும். மரபான தமிழ் எண் முறையில் 19 என்பது ௰௯ என்றும் 103 என்பது ௱௩ என்றும் எழுதப்பட்டது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் இருந்ததால் இடத்தைக் காக்கும் சுழியம் அம்முறைக்குத் தேவைப்படவில்லை. ஆகவே அதில் முன்சுழியம் என்பதும் இல்லை. இடமதிப்பு முறையில் தமிழ் எண்ணுருக்களை எழுதுவதற்கான ௦ என்னும் குறி 2005 இல் யூனிகோடு தரத்தில் சேர்க்கப்பட்டது.

எழுத்தாக்கம்

எண்ணை நேரடியாக எழுத்துத் தொடராக்கும் ⍕ என்னும் குறி 1970களில் மொழியில் சேர்ந்தது. இது ⊤ குறியின் மேல் சிறு வட்டத்தை அடித்து ஆக்கப்பட்டது. எழுத்துத் தொடரைக் கணக்கிட்டு மதிப்பாக்கும் ⍎ என்னும் குறி ⊥ குறியின் மேல் அதே வட்டத்தை அடித்து ஆக்கப்பட்டது. மதிப்பிலிருந்து உருவுக்கும், உருவிலிருந்து மதிப்புக்கும் செல்லும் இரு வழிகளை இக்குறிகளின் தோற்றமே காட்டுகிறது.

⍕ குறி தானாக முன்சுழியம் இடுவதில்லை. ஆகவே ஏபிஎல் பயன்படுத்துவோரிடையே எளிய உத்தி ஒன்று வழக்கில் உள்ளது.

1↓⍕1000+19
019

ஏபிஎல் வரி வலமிருந்து இடமாகக் கணக்கிடப்படும். முதலில் 1019 கிடைக்கிறது. அது எழுத்தாகிறது. பின்னர் முதல் எழுத்து நீக்கப்படுகிறது. வணிக அறிக்கைகளுக்காக உருவாக்கப்பட்ட ஏபிஎல் பதிப்புகளில், நிரலின் அகலத்தையும் வெற்றிடத்தைச் சுழியத்தால் நிரப்ப வேண்டும் என்பதையும் குறிப்பிடும் எழுத்தாக்கச் செயலும் தனியே தரப்பட்டது.

இம்முறைகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு உள்ளன. முதலாவது, ⍎'019' என்று எழுதினால் 19 மட்டுமே கிடைக்கும். உரு மதிப்பாகும்போது முன்சுழியம் மறைந்துவிடுகிறது. எத்தனை இலக்கங்கள் இருந்தன என்னும் செய்தி தனியே காக்கப்பட வேண்டும். இரண்டாவது, குறிப்பிட்ட இடங்கள் எண்ணுக்குப் போதாவிடில் மேல் இலக்கங்கள் எச்சரிக்கை ஏதுமின்றி விடுபடும்.

10 10 ⊤ 103
0 3

மணலி புதுநகரின் 103 இங்கு 03 ஆகிவிட்டது. விடை பார்வைக்குச் சரியான உருவிலேயே இருப்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது. முன்சுழியம் இடுவதற்கு முன் பட்டியலின் மிகப் பெரிய எண்ணைக் கொண்டு அகலத்தை முடிவு செய்வதே பாதுகாப்பான முறை ஆகும்.

டூரிங் விருதும் குறியீடு பற்றிய கருத்தும்

1970 இல் ஐபிஎம் தனது மிக உயர்ந்த ஆய்வாளர் தகுதியை ஐவர்சனுக்கு அளித்தது. 1979 இல் டூரிங் விருது பெற்றபோது, குறியீடு என்பது சிந்தனைக்கான கருவி என்னும் பொருளில் இவர் ஆற்றிய உரை 1980 இல் அச்சில் வெளியானது. நல்ல குறியீடு சிக்கலில் எழும் கருத்துகளை எளிதில் கூற வேண்டும், புதிய கருத்துகளைத் தூண்ட வேண்டும், நுணுக்கங்களை உள்ளடக்க வேண்டும், சிக்கனமாக இருக்க வேண்டும், முறையான நிறுவலுக்கு இடம் தர வேண்டும் என்பன இவரது நிலைப்பாடு. கணிதக் குறியீட்டின் செறிவும், கணினியில் இயக்கிப் பார்க்கத்தக்க துல்லியமும் ஒரே மொழியில் சேர முடியும் என்பதைப் பல எடுத்துக்காட்டுகளால் விளக்கினார்.

இரும எண்களின் பட்டியல் இவ்வகையான பயனுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2 2 2 என்னும் அடிமானங்களைக் கொண்டு 0 முதல் 7 வரையுள்ள எண்களைப் பிரித்தால், மூன்று இடங்களில் 0, 1 ஆகியவை அமையக்கூடிய எட்டு வகைகளும் ஒருசேரக் கிடைக்கும். தமிழ் யாப்பிலக்கணத்தில் நேரசையை 0 என்றும் நிரையசையை 1 என்றும் கொண்டால் இவை எட்டு மூவசைச் சீர்கள் ஆகின்றன.

0 0 0 தேமாங்காய்
0 0 1 தேமாங்கனி
0 1 0 கூவிளங்காய்
0 1 1 கூவிளங்கனி
1 0 0 புளிமாங்காய்
1 0 1 புளிமாங்கனி
1 1 0 கருவிளங்காய்
1 1 1 கருவிளங்கனி

இதில் முன்சுழியங்களை நீக்கினால் தேமாங்காய் 0 என்றும் தேமாங்கனி 1 என்றும் ஆகி, மூவசைச் சீர்கள் ஓரசையாகச் சுருங்கிவிடும். முன்சுழியம் இங்கு வெற்றிடம் அன்று. ஒலிக்கப்படும் ஓர் அசை ஆகும்.

டொராண்டோவும் ஜே மொழியும்

ஐவர்சன் 1980 இல் ஐபிஎம்மை விட்டு விலகி, டொராண்டோவில் இருந்த ஐ.பி. ஷார்ப் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்நிறுவனம் ஏபிஎல் வழியாகக் கணினிச் சேவை வழங்கி வந்தது. அங்கு மொழியின் விதிகளை மேலும் எளிமையாக்கி, 1987 இல் ஏபிஎல் அகராதி ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் பணி ஓய்வு பெற்றார்.

ஏபிஎல்லின் சிறப்புக் குறிகள் அதன் வலிமையாகவும் தடையாகவும் இருந்தன. தனி விசைப்பலகையும் தனி எழுத்துருவும் இன்றி அதனை எழுத இயலவில்லை. பள்ளிகளும் தனியாட்களும் எளிதில் பெறக்கூடிய, விலையற்ற, சாதாரண விசைப்பலகையில் எழுதத்தக்க மொழி ஒன்றை ஐவர்சன் விரும்பினார். 1989 இல் ஆர்தர் விட்னி ஒரே பக்க அளவில் எழுதிக் காட்டிய நிரலை அடிப்படையாகக் கொண்டு ரோஜர் ஹுய் புதிய மொழியின் இயக்கியை எழுதத் தொடங்கினார். ஜே என்னும் அம்மொழி 1990 இல் வெளியிடப்பட்டது. தம் பெயருடன் பிரிக்க முடியாதவாறு இணைந்திருந்த குறிகளை அவற்றை உருவாக்கியவரே கைவிட்டு, புள்ளியும் முக்காற்புள்ளியும் சேர்ந்த சாதாரணக் குறிகளை ஏற்றது குறிப்பிடத்தக்கது.

இலக்கப் பிரிப்பு ஜே மொழியில் #: என எழுதப்படுகிறது. இங்கு ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களும் நேரடியாக ஒரு வரியாகவே அமைவதால் அட்டவணையைத் திருப்பத் தேவையில்லை.

10 10 10 #: 13 19 57 68
0 1 3
0 1 9
0 5 7
0 6 8

அடிமானத்தைக் கூறாமல் எழுதினால் #: எண்ணை இரும இலக்கங்களாகப் பிரிக்கும். #: 1 என்பதன் விடை 1 மட்டுமே. ஆனால் 5, 1 ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 1 0 1 என்பதன் கீழ் 0 0 1 என்னும் வரி வரும். தனித்து நின்றபோது சுழியம் தேவைப்படாத ஒன்று, ஐந்துடன் ஒரே அட்டவணையில் சேர்ந்ததும் இரண்டு முன்சுழியங்களைப் பெறுகிறது. ஏபிஎல்லின் ⍕ குறிக்கு இணையாக ஜே மொழியில் ": என்னும் குறி உள்ளது. நிரலின் அகலத்தையும், அதன் வெற்றிடத்தை நிரப்பும் எழுத்தையும் குறிப்பிடும் எழுத்தாக்கச் செயல் வேறாகத் தரப்பட்டுள்ளது.

பிற பங்களிப்புகள்

ஓர் எண்ணுக்கு மேற்படாத பெரிய முழு எண்ணையும், அதற்குக் குறையாத சிறிய முழு எண்ணையும் குறிக்கும் தரைச் சார்பு, கூரைச் சார்பு ஆகியவற்றின் பெயர்களையும் குறிகளையும் 1962 ஆம் ஆண்டு நூலில் ஐவர்சனே அறிமுகப்படுத்தினார். இவை இன்று உலகெங்கும் கணித நூல்களில் வழங்குகின்றன. ஒரு கூற்று உண்மையானால் 1 என்றும் பொய்யானால் 0 என்றும் கொள்ளும் இவரது முறை ஐவர்சன் அடைப்பு எனப் பெயர் பெற்றது. டொனால்டு கனூத் இதனைக் கணிதவியலாளரிடையே பரப்பினார். பள்ளி இயற்கணிதம் முதலிய பாடங்களைத் தமது குறியீட்டில் விளக்கும் நூல்களையும் ஐவர்சன் எழுதினார்.

திறனாய்வு

ஏபிஎல் நிரல்கள் மிகச் சுருக்கமானவை. எழுதியவரே சில நாள் கழித்துப் படிக்க இயலாதவாறு அவை அமைந்துவிடுகின்றன என்பது இம்மொழியின் மீது பரவலாகக் கூறப்படும் குறையாகும். நெதர்லாந்துக் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1970களில் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். குறியீட்டைக் கற்றவருக்குச் சுருக்கம் தெளிவைத் தருகிறது என்பது ஆதரவாளர்களின் விடை. முன்சுழியம் இடும் 1↓⍕1000+19 என்னும் வரியையே இரு தரப்புக்கும் சான்றாகக் கொள்ளலாம். குறிகளை அறிந்தவருக்கு அது ஒரே பார்வையில் விளங்கும். அறியாதவருக்கு எதனையும் உணர்த்தாது.

விருதுகள்

1975 - ஹாரி கூட் நினைவு விருது
1979 - டூரிங் விருது
1982 - ஐஇஇஇ கணினி முன்னோடி விருது
1998 - யார்க் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம்

மறைவு

ஓய்வுக்குப் பின்னரும் ஐவர்சன் ஜே மொழிக்கான பாடங்களை எழுதுவதை நிறுத்தவில்லை. 2004 அக்டோபர் 16 அன்று டொராண்டோவில் உள்ள தம் வீட்டில் அத்தகைய பாடம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். மூன்று நாட்களின் பின்னர், அக்டோபர் 19 அன்று, தமது 83 ஆவது வயதில் காலமானார்.

தாக்கம்

ஐவர்சனின் கருத்துகளை ஒட்டிப் பல மொழிகள் தோன்றின. ஆர்தர் விட்னி உருவாக்கிய கே மொழி நிதித் துறையில் பயன்பட்டது. எண்தொகுதியை ஒரே பொருளாகக் கையாளும் முறை மேட்லேப், பைத்தான் மொழியின் நம்பை ஆகியவற்றிலும் காணப்படுகிறது. ஜே மொழியின் மூலநிரல் 2011 இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. ஏபிஎல் குறிகள் யூனிகோடு தரத்தில் இடம்பெற்றுவிட்டதால் எழுத்துருண்டையோ தனிப் பொறியோ இன்றி எந்தக் கணினியிலும் இன்று அவற்றைக் காண முடிகிறது. 1962 ஆம் ஆண்டு நூலின் குறியீட்டிலிருந்து வளர்ந்த ஏபிஎல் மொழி, டயலாக் ஏபிஎல் முதலிய பதிப்புகளின் வழியாகத் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளது.